இரண்டு டாலர் அட்டை: நியூயார்க் ஜாஸ் கலைஞர்களின் பிழைப்பைத் தீர்மானித்த ஒரு காகிதம்

1940ஆம் ஆண்டு முதல் 1967 வரை, நியூயார்க் நகரத்தில் மதுவும் மேடை நிகழ்ச்சியும் ஒருசேரக் கிடைக்கும் எந்தக் கிளப்பில் வேலை பார்ப்பதானாலும், முதலில் காவல்துறையிடம் போய்க் கைரேகை பதித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, இரண்டு டாலர் கட்டி, ஓர் அடையாள அட்டை வாங்கியாக வேண்டும். ‘கேபரே அட்டை’ என்பது அதன் பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பாடகர், பியானோ வாசிப்பவர், சமையற்காரர், பரிமாறுபவர், மேசை மேசையாகச் சென்று சிகரெட் விற்கும் பெண் என எல்லோருக்கும் இது பொது. ஆனால் அட்டையைப் பறிகொடுத்த சமையற்காரர், பாட்டுக் கச்சேரி இல்லாத வேறோர் உணவகத்தில் அடுப்படி தேடிக்கொள்ளலாம். ஜாஸ் கலைஞருக்கு அந்தப் போக்கிடம் இல்லை. அவருடைய கலை பிறந்ததும், அவருக்குச் சோறு போட்டதும் அந்த மது மேசைகளுக்கு நடுவில்தான்.

ஜாஸ் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பவர்களுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது போலத் தோன்றும். மேதை ஒருவர் வருகிறார், போதைக்கு அடிமையாகிறார், இளம் வயதில் அழிகிறார். போதை இருந்தது உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நியூயார்க்கில் கறுப்பர்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெமில் ஹெராயின் பரவிய வேகத்தில் ஒரு தலைமுறைக் கலைஞர்களே அதில் சிக்கினார்கள். ஆனால் அந்தக் கதை, ஒருவர் பிடிபட்ட மறுநாள் அவருடைய தொழிலுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நீதிமன்றம் அறுபது நாள் சிறை என்று தீர்ப்பளித்த குற்றத்துக்குக் காவல்துறையின் உரிமப் பிரிவு அட்டையைப் பறித்து ஆறு ஆண்டுகள் வேலைமறுப்பு என்று இன்னொரு தண்டனையைச் சேர்க்க முடிந்தது. இந்த இரண்டாவது தண்டனையை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதன் வேர் 1926இல் நியூயார்க் நகரம் இயற்றிய கேபரே சட்டத்தில் இருக்கிறது. உணவும் பானமும் விற்கும் இடத்தில் ஆட்டமோ இசையோ நடத்தத் தனி உரிமம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். மதுவிலக்குக் காலத்து இரவுக் கேளிக்கைகளைக் கட்டுக்குள் வைப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டாலும், ஹார்லெம் அரங்குகளில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடியதைக் கண்ட பதற்றமும் அதற்குப் பின்னால் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. பின்னர் உரிமம் வழங்கும் பொறுப்பு காவல்துறையின் கைக்குப் போனது. 1940இல் காவல்துறை இடத்துக்கு மட்டுமன்றி ஆளுக்கும் உரிமம் வேண்டும் என்றது. குற்றவாளிகள் இரவுத் தொழிலில் புகாமல் தடுப்பதற்காக என்பது விளக்கம். அட்டைக் கட்டணம் காவலர்களின் ஓய்வூதிய நிதியில் போய்ச் சேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

இந்த ஏற்பாடு நியூயார்க்குக்கு மட்டுமே உரியது. சிகாகோவிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ வாசிக்க அட்டை வேண்டியதில்லை. அப்படியானால் அட்டை இழந்தவர் வேறு ஊருக்குப் போய் வாசிக்கக் கூடாதா என்று கேட்கலாம். போனார்கள், ஆனால் ஜாஸ் உலகின் எல்லாச் சாலைகளும் அன்று நியூயார்க்கில்தான் கூடின. ஒலிப்பதிவு நிறுவனங்கள், கச்சேரி முகவர்கள், விமர்சகர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அதைவிட முக்கியமான காரணம் கிளப் வேலையின் தன்மை. ஒரு கிளப்பில் ஒரு குழுவுக்கு வாரத்தில் ஆறு இரவுகள், இரவுக்கு மூன்று நான்கு ‘செட்’கள் என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வேலை கிடைக்கும். அடுத்தவர் அடுத்து எங்கே போவார் என்று ஒருவருக்கொருவர் காதால் அறிந்துகொள்வதும், நேற்று தவறிய இடத்தை இன்று சரிசெய்வதும், ஒரு மெட்டை நூறு முறை வாசித்து நூற்றோராவது முறை அதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதும் அங்கே நடந்தன. மனோதர்மமே உயிராக உள்ள இசைக்குக் கிளப்தான் பட்டறை. ஊர் ஊராகப் போய் முன்பின் அறியாத உள்ளூர்ப் பக்கவாத்தியக்காரர்களோடு ஓரிரு இரவுகள் வாசிப்பது அதற்கு ஈடாகாது.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் நிலை இந்த விதியின் அபத்தத்தை எல்லோருக்கும் வெளிச்சமாக்கியது. 1947 மே மாதம் போதைப்பொருள் வழக்கில் கைதான அவர், மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் இருந்துவிட்டு 1948 மார்ச் 16 அன்று விடுதலையானார். பதினோரு நாள் கழித்துக் கார்னகி ஹாலில் அவர் பாடியபோது அரங்கு நிரம்பி வழிந்தது. நகரத்தின் மிக மதிப்புக்குரிய அந்த மேடையில் அவர் பாடச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, ஏனென்றால் அங்கே மது பரிமாறப்படுவதில்லை. ஆனால் எந்தச் சிறிய கிளப்புகளில் அவர் பெயரெடுத்தாரோ, எந்த நெருக்கத்துக்காகவே அவர் குரல் அமைந்தது போலத் தோன்றியதோ, அங்கே பாட அவருக்கு அட்டை இல்லை. கார்னகி ஹால் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். வாடகை மாதாமாதம் வரும். 1959 ஜூலை 17 அன்று, மருத்துவமனைப் படுக்கையிலேயே மீண்டும் கைதுசெய்யப்பட்டிருந்த நிலையில், 44 வயதில் அவர் இறந்தார். வங்கிக் கணக்கில் அப்போது அவருக்கு இருந்தது 70 சென்ட்.

தெலோனியஸ் மங்க்கின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அட்டை ஒரு கலைஞரிடமிருந்து எதைப் பறித்தது, திரும்பக் கொடுத்தபோது என்ன விளைந்தது என்ற இரண்டையும் அதில் காண முடிகிறது.

1917இல் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க்குக்கு வந்தவர் மங்க். 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸில் நிரந்தரப் பியானோக் கலைஞராக இருந்தார். பிற்பாடு பீபாப் என்று பெயர் பெற்ற புதிய பாணி உருவானபோது அதன் நடுவில் இருந்தவர். அவருடைய வாசிப்பு கேட்டவுடன் பிடித்துப்போகும் வகையல்ல. எதிர்பாராத இடத்தில் மௌனம், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒருங்கே அழுத்தி எழுப்பும் உரசல், தாளத்தை இழுத்துப் பிடிக்கும் தயக்கம் என்று அது தன் போக்கில் போகும். இத்தகைய இசை ரசிகர்களிடம் போய்ச்சேர ஒரே வழி, அவர்கள் அதை அடிக்கடி கேட்பதுதான்.

1951 ஆகஸ்டில் மங்க், நண்பரும் பியானோக் கலைஞருமான பட் பவலுடன் ஒரு காரில் அமர்ந்திருந்தபோது காவலர்கள் வந்தார்கள். ஹெராயின் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. அது மங்க்குடையது அல்ல என்பதே அவருடைய வரலாற்றை எழுதியோர் பொதுவாக ஏற்பது. பவலோ சில ஆண்டுகளுக்கு முன் ஃபிலடெல்ஃபியாவில் காவலர்களிடம் தலையில் அடிபட்டு, மனநல மருத்துவமனைகளில் மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்று, நைந்துபோயிருந்தவர். அவரைக் காட்டிக்கொடுக்க மங்க் மறுத்துவிட்டார். ரைக்கர்ஸ் தீவில் அறுபது நாள் சிறையோடு அட்டையும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 33. திரும்பக் கிடைக்கையில் 39. ஒரு கலைஞரின் வாழ்க்கையில் இந்த ஆறு ஆண்டுகள் எவை என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. ஒலிப்பதிவுக்கு அட்டை வேண்டியதில்லை என்பதால் பதிவு செய்தார், வெளியூர் போனார், விதியைக் கண்டுகொள்ளாத சில புரூக்ளின் கிளப்புகளில் அவ்வப்போது வாசித்தார். பெரும்பாலான நாட்களில் மேற்கு 63ஆம் தெருவின் சிறிய வீட்டில் பியானோவின் முன் அமர்ந்து இயற்றிக்கொண்டிருந்தார். குடும்பம் நடந்தது மனைவி நெல்லியின் உழைப்பில். கண்ணில் படாத கலைஞரைப் பற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. விசித்திரமானவர், நேரத்துக்கு வராதவர், வாசிக்கத் தெரியாமல் வாசிப்பவர் என்றெல்லாம் பேச்சு பரவியது. அதை அவர் மறுத்துக்காட்டக்கூடிய ஒரே இடமான மேடை அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1955இல் ஒரு பதிவு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு அவர் மாறியபோது, பழைய நிறுவனத்துக்கு அவர் தர வேண்டியிருந்த முன்பணப் பாக்கி சுமார் 108 டாலர். அதைத் தீர்த்துவிட்டதும் அவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவருக்கு அன்றைய சந்தை போட்ட மதிப்பு அவ்வளவுதான்.

பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே அவருடைய மேலாளராகவும் ஆன ஹாரி கொலம்பியும், ராத்ஸ்சைல்ட் குடும்பத்தில் பிறந்து ஜாஸ் கலைஞர்களுக்கு உற்ற துணையாகத் திகழ்ந்த பனோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டர் சீமாட்டியும் முயன்றதன் பயனாக, 1957இல் அட்டை மீண்டும் கிடைத்தது. அந்த ஜூலையில் கூப்பர் ஸ்கொயரில் இருந்த ஃபைவ் ஸ்பாட் என்ற சிறிய கிளப்பில் மங்க்கின் நால்வர் குழு வாசிக்கத் தொடங்கியது. ஓவியர்கள் கூடும் மலிவான மதுக்கடையாக இருந்த இடம் அது. குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். போதைப் பழக்கத்தால் அந்த ஆண்டு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, அப்போதுதான் அதிலிருந்து மீண்டிருந்தவர். ஆண்டு முடியும் வரை, இரவுக்கு இரவு, மங்க்கின் கடினமான மெட்டுகளுக்குள் கோல்ட்ரேன் வழி தேடிக்கொண்டிருந்தார். மங்க் பல சமயம் பியானோவை விட்டு எழுந்து ஆடத் தொடங்கிவிடுவார். அந்த வெற்றிடத்தில் கோல்ட்ரேன் தனியாக நீந்த வேண்டும். கோல்ட்ரேன் பிற்காலத்தில் எட்டிய உயரங்களுக்கு அந்த மாதங்கள் அடித்தளம் என்பதில் விமர்சகர்களிடையே கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இருவரும் வெவ்வேறு நிறுவனங்களுடன் ஒப்பந்தத்தில் இருந்ததால், அந்த நால்வர் குழுவாக அவர்கள் ஸ்டுடியோவில் பதிந்தவை மூன்றே உருப்படிகள். 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் அவர்கள் வாசித்ததன் நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்து, 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டு வெளிவந்தது. அதைக் கேட்பவருக்கு, ஆறு ஆண்டுகள் முன்பே இப்படி ஒரு மேடை மங்க்குக்கு இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் போகாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1958 அக்டோபரில், சீமாட்டியின் காரில் ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில் டெலாவேர் மாநிலத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்க ஒரு மோட்டலில் இறங்கினார் மங்க். அங்கிருந்தவர்கள் காவலரை அழைத்தார்கள். காருக்குத் திரும்பி, அதை விட்டு இறங்க மறுத்த மங்க்கை இழுத்து, அவர் கைகளில் அடித்தார்கள். பியானோக் கலைஞரின் கைகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காரில் கிடைத்த சிறிதளவு கஞ்சாவைத் தனதென்று சீமாட்டி ஏற்றுக்கொண்டார். அவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை நெடுநாள் கழித்து மேல்முறையீட்டில்தான் நீங்கியது. இருந்தும் நியூயார்க் காவல்துறை மங்க்கின் அட்டையை மீண்டும் பறித்தது. 1960இல்தான் அது திரும்பியது. அதன் பின் 1962இல் கொலம்பியா என்ற பதிவு நிறுவனத்தின் ஒப்பந்தமும், 1964 பிப்ரவரியில் டைம் இதழின் அட்டைப்படமும் வந்தன.

மற்றவர்களின் கதைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ‘பேர்ட்’ என்ற பட்டப்பெயரைத் தாங்கி 1949 டிசம்பரில் பேர்ட்லேண்ட் கிளப் திறந்தது. 1951இல் அட்டையை இழந்தபின் அவர் பெயரில் இருந்த கிளப்பிலேயே அவரால் வாசிக்க முடியவில்லை. 1953 பிப்ரவரியில் மாநில மதுபான ஆணையத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், தான் தேர்ந்த தொழிலைச் செய்யும் உரிமை பறிபோனதையும், குற்றமறியாத மனைவி மக்கள் படும் பாட்டையும் குறிப்பிட்டு மன்றாடினார். அடுத்த ஆண்டு அவருடைய சிறு மகள் இறந்தாள். 1955 மார்ச் 12 அன்று அவர் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். டிராம்போன் கலைஞர் ஜே. ஜே. ஜான்சன் 1950களின் முற்பகுதியில் ஸ்பெரி தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலைக்கே போய்விட்டார். 1940களில் நடந்த ஒரு சிறு குற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் தற்காலிக அட்டைகளை நம்பியே காலம் தள்ளிய அவர், 1959இல் மேக்ஸ்வெல் கோஹன் என்ற வழக்கறிஞரின் துணையோடு வழக்குத் தொடுத்து முழு அட்டை பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் மைல்ஸ் டேவிஸ், பேர்ட்லேண்டின் வாசலில், வெளியே பெயர்ப்பலகையில் தன் பெயர் எரிந்துகொண்டிருக்கும்போதே, நடைபாதையில் நின்றதற்காகக் காவலர்களிடம் தலையில் அடிபட்டார். அவருடைய அட்டையையும் சில காலம் பிடித்துவைத்தார்கள். வழக்கில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

கிளப் வருமானம் இல்லாவிட்டால் இசைத்தட்டு வருமானம் கைகொடுத்திருக்காதா என்ற ஐயம் எழலாம். பக்கவாத்தியம் வாசித்தவருக்கு மூன்று மணி நேரப் பதிவுக்குத் தொழிற்சங்கம் நிர்ணயித்த கூலி ஒன்றுதான்; தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் அதற்கு மேல் ஒரு காசும் வராது. தொடர்ந்து வருவாய் தரக்கூடியது இயற்றியவருக்குரிய ராயல்டி. அங்கேயும் கணக்கு வேறுவிதமாக நடந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் மெட்டைப் பாதுகாத்தது. அதன் கீழே ஓடும் கார்ட்களின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டங்களின், வரிசையை நடைமுறையில் பாதுகாக்கவில்லை. எனவே பிரபலமான ஒரு பாட்டின் கார்ட் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே புதிய மெட்டைப் பொருத்தினால், பழைய பாட்டின் உரிமையாளருக்குப் பணம் தர வேண்டியதில்லை. பீபாப் கலைஞர்கள் இதைக் கலைநோக்கிலும் விரும்பினார்கள், பதிவு நிறுவனங்கள் சிக்கன நோக்கில் வற்புறுத்தின. 1945 நவம்பரில் பார்க்கர் ‘கோ கோ’வைப் பதிந்தபோது, முதல் முயற்சியில் அவர்கள் ‘செரோக்கி’ பாட்டின் மெட்டையே வாசிக்கத் தொடங்கிவிட, இடையில் நிறுத்திவிட்டு வேறு முகப்போடு மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்திய அந்தத் துண்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இயற்றியவர் பெயரோடு இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொள்வதும் சாதாரணம். மங்க்கின் ‘ரவுண்ட் மிட்நைட்’, ஜாஸ் கலைஞர் இயற்றியவற்றுள் மிக அதிகமாக ஒலிப்பதிவானது என்று கருதப்படுவது. அதை 1944இல் முதன்முதலாகப் பதிந்த குழுத்தலைவர் கூட்டி வில்லியம்ஸின் பெயரும், பின்னர் பாடல் வரிகள் எழுதியவரின் பெயரும் அதில் சேர்ந்ததால், மங்க்குக்கு மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு.

இதே காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் கலைஞர்களைத் தன் நாட்டின் பெருமைக்குச் சான்றாக உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது என்பதை நம்புவது கடினம். 1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழு ஈரானிலிருந்து யூகோஸ்லாவியா வரை போயிற்று. 1958இல் டேவ் புரூபெக்கின் குழு போலந்து, துருக்கி வழியாக இந்தியாவுக்கு வந்து, சென்னையிலும் கொழும்பிலும் வாசித்தது. அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மோரெல்லோ சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தது நம்மவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி. வெளிநாட்டில் சுதந்திரத்தின் குரல் என்று காட்சிக்கு வைக்கப்பட்ட இசையை உள்நாட்டில் வாசிப்பதற்குக் கைரேகை கேட்டார்கள். டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க் 1956இலும் பட் பவல் 1959இலும் பாரிஸுக்கும், சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் 1962இல் கோபன்ஹேகனுக்கும் போய்த் தங்கியதற்கு நிறவெறி, வேலை, உடல்நலம் எனக் காரணங்கள் பல. அந்த ஊர்களில் வாசிப்பதற்கு யாரும் கைரேகை கேட்கவில்லை.

அட்டை முறைக்கு முடிவு வந்தது ஒரு ஜாஸ் கலைஞரால் அல்ல என்பது வேடிக்கை. லார்ட் பக்லி என்ற மேடை நகைச்சுவையாளரின் அட்டையை, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கைதை மறைத்தார் என்று சொல்லி 1960 அக்டோபரில் காவல்துறை பறித்தது. நவம்பர் 12 அன்று அவர் இறந்துபோனார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் திரண்டு எழுப்பிய கூச்சல் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. கைரேகை வைத்துப் பாட மாட்டேன் என்று புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ஏற்கெனவே நியூயார்க் கிளப்புகளைப் புறக்கணித்து வந்தார். அவரால் அப்படி மறுக்க முடிந்தது. அவருக்குப் பாட உலகில் வேறு எத்தனையோ மேடைகள் இருந்தன. 1967இல், மேயர் ஜான் லிண்ட்சியின் காலத்தில், நகர மன்றம் அட்டையை ஒழித்தது. பேர்ட்லேண்ட் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மூடப்பட்டிருந்தது. இளைஞர்கள் ராக் இசைக்குப் போயிருந்தார்கள். கோல்ட்ரேன் அந்த ஜூலையில் 40 வயதில் இறந்தார்.

அட்டை போனாலும் 1926ஆம் ஆண்டுச் சட்டம் போகவில்லை. 1961இல் அதில் ஒரு சலுகையைச் சேர்த்திருந்தார்கள். கேபரே உரிமம் இல்லாத உணவகங்களிலும் மூன்று பேர் வரை வாசிக்கலாம், ஆனால் பியானோ போன்ற கட்டை வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் மட்டுமே. டிரம்ஸ் கூடாது, ஊதும் வாத்தியம் எதுவும் கூடாது. 1980களில் வைப்ரபோன் கலைஞர் வாரன் சியாசன் முதலானோர் தொடுத்த வழக்குகளில் முதலில் வாத்தியத் தடையும், 1988இல் மூவர் வரம்பும் செல்லாது என்று தீர்ப்பாயின. அதுவரை, உரிமம் வாங்க வசதியில்லாத ஒரு சிறிய நியூயார்க் உணவகத்தில், மங்க் பியானோவில் அமரலாம், பக்கத்தில் ஒருவர் பாஸ் வாசிக்கலாம். சாக்ஸபோனோடு கோல்ட்ரேன் உள்ளே வந்து சேர்ந்துகொண்டால் அது சட்டவிரோதம்.